மூதவையும் வன்னியும்

இலங்கை நாடாளுமன்றத்தில் ஒரு காலத்தில் இரண்டு சபைகள் இருந்தன. சோல்பரி யாப்பின்படி 1947இல் உருவான மூதவை எனும் இரண்டாம் சபையில் 30 பேர். பதினைந்து பேரைப் பிரதிநிதிகள் சபை தெரிவு செய்தது. மற்றவர்களைப் பிரதமரின் ஆலோசனைப்படி மகாதேசாதிபதி நியமித்தார். 1960இல் சிறிமாவோ பண்டாரநாயக்க மூதவையில் இருந்தபடியேதான் பிரதமராக ஆட்சி நடத்தினார்.

சிறுபான்மையினருக்கு அது காவலாக நிற்கும் என்று நம்பியவர்கள் உண்டு. 1956இல் தனிச் சிங்களச் சட்டம் அதையும் தாண்டிப் போனது. பிரதேசங்களுக்கென்று அங்கே இடமே ஒதுக்கப்படவில்லை. பிறகு எந்தப் பலத்தில் தடுப்பது? 1971 ஒக்டோபர் 2இல் மூதவை ஒழிக்கப்பட்டது.

இப்போது இருப்பது ஒரே சபை. அதற்கான 2024 பொதுத்தேர்தலில் மேல் மாகாணத்தின் மூன்று மாவட்டங்களுக்கு 48 ஆசனங்கள். மன்னார், வவுனியா, முல்லைத்தீவு மூன்றும் சேர்ந்த வன்னிக்கு வெறும் 6. கிளிநொச்சியோ யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்துக்குள் அடக்கம். சனத்தொகைக் கணக்கில் இது சரிதான். ஆனால் காணி, காடு, குளம் பற்றிய சட்டங்கள் வரும்போது அந்த ஆறு குரல் எம்மட்டுக்குக் கேட்கும்?

இந்தக் குறையை இரண்டாம் சபையால் ஈடுசெய்யலாம். அவுஸ்திரேலியாவில் சிறிய தஸ்மேனியாவுக்கும் பெரிய நியூ சவுத் வேல்ஸுக்கும் அங்குள்ள இரண்டாம் சபையான செனற்றில் சமமாக 12 இடங்கள்.

இலங்கையிலும் 2017இல் அரசியலமைப்புப் பேரவையின் வழிப்படுத்தும் குழு 55 பேர் கொண்ட இரண்டாம் சபையை முன்மொழிந்தது. மாகாணத்துக்கு ஐந்து பேர். வடக்கும் மேற்கும் சமம். நல்ல யோசனை, அறிக்கையோடு நின்றுவிட்டது.

அந்த ஐவரை அனுப்ப மாகாண சபை வேண்டும். வட மாகாண சபைக்குக் கடைசியாகத் தேர்தல் நடந்தது 2013இல். பதவிக்காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது. இரண்டாம் சபை பற்றிப் பேசுவோர் முதலில் அந்தத் தேர்தலைக் கேட்க வேண்டும்.