உமிக்கு விலையில்லை, சாம்பல் மட்டும் நமக்கா?

(அரிசி ஆலைச் சாம்பல் பிரச்சினை குறித்த ஆர்ப்பாட்டத்தில் சங்கத்தின் சார்பில் ஆற்றிய உரை)



தண்ணீருக்காகக் கூடியிருக்கிறோம். கொள்முதல் விலைக்காகக் கூடியிருக்கிறோம். இன்றைக்குச் சாம்பலுக்காகக் கூடியிருக்கிறோம். "சாம்பலுக்கெல்லாமா ஆர்ப்பாட்டம்?" என்று டீக்கடையிலே சிரிச்சாங்க. சிரிக்கட்டும். நாம கணக்கைச் சொல்லுவோம்.

நூறு கிலோ நெல்லை அரைச்சா சுமார் 20 கிலோ உமி வரும். அதை எரிச்சா 4 கிலோ சாம்பல். ஏக்கருக்கு 40 கிலோ சிப்பம் 60 கண்டால், அதிலிருந்து 96 கிலோ சாம்பல். கிட்டத்தட்ட ரெண்டு மூட்டை சிமெண்டின் எடை! இப்போ அது எங்கே போகுது? ஆலைக்குப் பின்னால் மலையாய்க் குவிஞ்சு, வாய்க்காலை அடைச்சு, ஆடிக்காத்துல பறந்து நாற்றங்காலிலும் பிள்ளைங்க கண்ணிலும் விழுது. உமியை நம்மகிட்ட யாரும் விலை கொடுத்து வாங்கலை. சாம்பலை மட்டும் இனாமாகத் தர்றாங்க.

நல்லா எரிஞ்ச உமிச்சாம்பலில் பத்துக்கு ஒன்பது பங்கு சிலிக்கா. நெற்பயிர் வேர் வழியாக நம்ம மண்ணிலிருந்து உறிஞ்சியது. சிமெண்டில் தண்ணி சேரும்போது சுண்ணாம்பு கழியும். அந்தச் சுண்ணாம்போடு இந்த சிலிக்கா சேர்ந்து பசையாகி இறுகும், கான்கிரீட்டின் நுண்துளைகளை அடைக்கும். அதனால் நூறு கிலோ சிமெண்டில் பத்து, இருபது கிலோவைக் குறைத்து இதைச் சேர்க்கலாம். அமெரிக்காவில் பேராசிரியர் பி.கே.மேத்தா 1970களிலேயே இதற்குக் காப்புரிமை வாங்கினார். நம்ம நாட்டு கான்கிரீட் தரவிதி ஐ.எஸ்.456, 2000ஆம் ஆண்டுப் பதிப்பிலேயே உமிச்சாம்பலைப் பெயர் சொல்லி ஏற்றுக்கொண்டிருக்கிறது.

ஒன்றை ஒளிக்காமல் சொல்லணும். ஆலைக் கொதிகலனில் வர்ற கறுப்புச் சாம்பல் அப்படியே உதவாது. கறுப்பு என்றால் வேகாத கரி. நம்ம பாட்டிமார் பல் தேய்த்த உமிக்கரிதான் அது! அதுக்காக அனலை இஷ்டத்துக்கு ஏத்தினாலும் கெட்டது. 700 டிகிரிக்குள் நிதானமாக எரிச்சாத்தான் சிலிக்கா உயிரோடு இருக்கும். அதற்கு மேலே போனால் இறுகிப் படிகமாகிவிடும், சுண்ணாம்போடு சேராது. அந்தத் தூசி நுரையீரலுக்கும் கேடு. பதமாக எரித்த சாம்பலையும் நைஸாக அரைச்சு, சோதிச்ச பிறகே சேர்க்கணும். ஆகவே யாரும் ஆலைச் சாம்பலை அள்ளி வந்து வீட்டு ஒட்டுத்தளத்தில் கொட்டிடாதீங்க.

இப்போ நிலக்கரிச் சாம்பலைப் பாருங்க. 1999இல் மத்திய அரசு அறிவிக்கை போட்டு, அனல்மின் நிலையத்தைச் சுற்றி 50 கிலோமீட்டருக்குள் செங்கல் சூளைக்காரர் அதைக் கலந்தே ஆகணும் என்றது. 2003இல் அதை 100 கிலோமீட்டராக்கியது. 2021 டிசம்பரில் வந்த புதிய அறிவிக்கை, பயன்படுத்தாமல் விட்ட சாம்பலுக்கு டன்னுக்கு ஆயிரம் ரூபாய் கட்டச் சொல்லுது. இன்றைக்குக் கடையில் வாங்குகிற பி.பி.சி. சிமெண்ட் பெரும்பாலும் அந்தச் சாம்பல் கலந்ததுதான். மின்நிலையச் சாம்பலுக்கு இத்தனை சட்டம். நெல்லுச் சாம்பலுக்கு ஏன் இப்படி ஒன்று இல்லை? கொள்ளிடம் தாண்டினால் அரியலூரில் சிமெண்ட் ஆலைகள். இந்தப் பக்கம் தஞ்சை முழுக்க அரிசி ஆலைகள். நடுவிலே இருப்பது ஒரு பாலம்தானே!

ஆலைக்காரர் நமக்குப் பகையாளி இல்லை. "நான் எங்கேய்யா கொட்டுறது?" என்று அவரும்தான் கேக்குறார். அரசைத்தான் கேட்கிறோம். பதமாக எரித்து அரைக்கும் கூடம் ஒன்றைக் கூட்டுறவில் அமைத்துக் கொடு. அங்கேயே சோதனை வசதி வை. பொதுப்பணித்துறை களம், மதகு, வாய்க்கால் கரை கட்டும்போது தரம் தேறிய உமிச்சாம்பலைச் சேர்க்க உத்தரவு போடு. கொள்முதல் விலையில் உமிக்கென்று ஒரு கணக்கு வை. அதுவரை வாய்க்காலில் கொட்டுவதை நிறுத்து.

வர்ற விவசாயிகள் குறைதீர் நாளில் கலெக்டர் ஆபீசுக்கு எல்லோரும் வரணும். மனுவோடு ஆளுக்கு ஒரு பை சாம்பல் கொண்டாங்க. வாயை இறுகக் கட்டிக் கொண்டாங்க, பஸ்ஸில் சிந்தினால் கண்டக்டர் இறக்கி விட்டுடுவார்.