புதுநன்மையும் புதுக்கடனும்



தாராவியில் வாழும் நம் தமிழ்க் கத்தோலிக்கக் குடும்பங்களில் பிள்ளைக்கு ஏழெட்டு வயது ஆனவுடன் ஒரு கேள்வி எழுகிறது: "புதுநன்மை எப்போது?" கேட்பவர் பங்குக் குருவானவர் அல்லர், அண்டை அயலாரும் உறவினருமே. அடுத்து வரும் கேள்விகளும் பிள்ளை கற்ற ஞானோபதேசத்தைப் பற்றியவை அல்ல. உடுப்பு எங்கே தைக்கக் கொடுத்தீர்கள்? எத்தனை பேருக்குச் சாப்பாடு? மண்டபம் மாட்டுங்காவிலா, செம்பூரிலா?

இவ்வாறு கேட்பவர்களை நாம் வெறுமனே பழிப்பதற்கில்லை. திருநெல்வேலிச் சீமையிலிருந்தும் பிற பகுதிகளிலிருந்தும் பிழைப்புக்காக வந்து, ஓரறைக் குடியிருப்புகளில் ஒடுங்கி வாழ்கிறோம். உற்றார் ஒன்றுகூட ஒரு நன்னாள் வேண்டும் என்பது நியாயமான ஆசையே. ஆனால் அந்த ஒருநாள் விருந்துக்காகத் தகப்பன் பல மாதம் வட்டி கட்டும்போது, அது நன்னாள்தானா என்று நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். மொய்ப்பணம் கைகொடுக்கும் என்பர். மொய்யும் கடன்தான், பெற்றதைத் திருப்பிச் செய்தே ஆகவேண்டும்.

திருச்சபை இவற்றையெல்லாம் கேட்கிறதா? 1910ஆம் ஆண்டு ஆகஸ்டு 8ஆம் நாள் பாப்பரசர் பத்தாம் பயஸ் வெளியிட்ட ஆணை, புத்தி விவரம் தெரியும் பருவத்தை, அதாவது ஏறத்தாழ ஏழு வயதை, நற்கருணை பெறும் வயதாக வகுத்தது. அதற்குமுன் பல நாடுகளில் பிள்ளைகள் பத்து, பன்னிரண்டு வயது வரையிலும் காத்திருந்தனர். எளிய அறிவும் பக்தியும் போதும் என்பதே அந்த ஆணையின் உட்பொருள். 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டமோ, ஏழ்மையின் காரணமாக எவரும் தேவதிரவிய அனுமானங்களை இழந்துவிடலாகாது என்று கூறுகிறது. சட்டம் கேளாததைச் சுற்றம் கேட்கிறது!

ஞானத்தாய் தந்தையர் விஷயமும் இத்தகையதே. பதினாறு வயது நிரம்பி, உறுதிபூசுதல் பெற்று, விசுவாசத்துக்கேற்ப வாழும் ஒருவர் நின்றாலே போதும். நாமோ, பிள்ளைக்குச் சங்கிலி போட வல்லவர் யார் என்று தேடுகிறோம்.

செலவைவிட நுண்ணியதொரு நெருக்கமும் உண்டு. தாய் ஒரு மதம், தந்தை ஒரு மதம் என்றுள்ள இல்லங்கள் மும்பையில் அரியன அல்ல. அங்கே இரு வீட்டுப் பெரியவர்களும் குழந்தையை இருபுறமும் இழுக்கின்றனர். சாவு ஆபத்து ஒழிந்த வேளைகளில், பெற்றோரில் ஒருவரேனும் இசைந்தாலன்றி ஞானஸ்நானம் கொடுக்கலாகாது. பிள்ளை அவ்விசுவாசத்தில் வளரும் என்ற நம்பிக்கை அறவே இல்லையெனில் அதைத் தள்ளிவைக்க வேண்டும். இதுவும் அதே சட்டம்தான். பெற்றோரின் மனச்சாட்சிக்குத் திருச்சபையே இத்தனை இடம் விடும்போது, பாட்டனாரும் பக்கத்து வீட்டாரும் இடம் விடலாகாதா?

செய்யத்தக்கது அரிதன்று. வசதி படைத்த நாம் முதலில் எளிமையாய் நடத்திக் காட்டுவோம். எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரேவிதமான வெள்ளுடை, பூசை முடிந்தபின் கோயில் வளாகத்திலேயே பொதுவான காலையுணவு என்று பங்கு மக்கள் கூடி முடிவு செய்யலாம். இல்லாதவர் கூசி நிற்க அப்போது இடமிராது.

அடுத்த முறை ஒரு தாயைக் காணும்போது, "விருந்து எங்கே?" என்று கேளாது, "பிள்ளை ஜெபங்களைக் கற்றுக்கொண்டானா?" என்று கேட்போம். அந்த வீட்டின் பாரத்தில் பாதி அன்றே குறையும்.