தீர்மான நோட்டில் நம்ம தமிழ்



இலக்கணம் பற்றிப் பேசச் சொன்னார்கள். அந்தச் சொல்லைக் கேட்டதுமே பின்வரிசையில் ரெண்டு மூணு பேர் முகம் சுருங்கிப்போச்சு. பயப்படாதீங்க, நன்னூலைத் தூக்கிக்கிட்டு வரல. நம்ம தீர்மான நோட்டைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

ஒரு குழுவில் நடந்தது. சேமிப்பும் கடன் வசூலும் சேர்ந்து 8,000 ரூபாய். வங்கியில் கட்டச் சொல்லி ஊக்குநர் கையில் கொடுத்தார்கள். அவரும் மறுநாளே கட்டிவிட்டார். நோட்டில் மட்டும் "ஊக்குநருக்கு ரூ.8,000 கொடுக்கப்பட்டது" என்று ஏறிவிட்டது. ஒன்றரை வருஷம் கழித்து நிர்வாகிகள் மாறினார்கள. புதிதாக வந்தவர் பழைய பக்கங்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இந்தக் கடனை நீங்க இன்னும் கட்டலையே" என்று கூட்டத்திலேயே கேட்டுவிட்டார். அந்த அக்கா அடுத்த மூன்று கூட்டங்களுக்கு வரவில்லை. பாஸ்புக்கில் மறுநாள் தேதியில் அதே தொகை வரவு இருப்பதை இன்னொருவர் தேடிக் காட்டிய பிறகுதான் விஷயம் அடங்கியது.

வினை எங்கே இருந்தது? ஒரு "க்கு"வில். "ஊக்குநருக்குக் கொடுத்தோம்" என்றால் பணம் அவருக்கே போய்ச் சேர்ந்ததாக ஆகிறது. "ஊக்குநரிடம் கொடுத்தோம்" என்றால் பணம் அவர் கையில் இருக்கிறது, ஆனால் நம்முடையது. பேசும்போது நாம் இதில் தவறுவதே இல்லை. "பிள்ளைக்குக் காசு குடுத்தேன்" என்பதும் "பிள்ளைகிட்ட காசு குடுத்தனுப்பினேன்" என்பதும் வேற வேறன்னு நமக்கு யாரும் சொல்லித்தரல. பேனாவைப் பிடிச்சதும்தான் எங்கிருந்தோ ஆபீஸ் தமிழ் வந்து உட்கார்ந்துக்குது.

"கொடுக்கப்பட்டது", "முடிவு செய்யப்பட்டது" எல்லாம் அந்த ஆபீஸ் தமிழ்தான். யார் கொடுத்தது? கொடுத்தேன், கொடுத்தார், கொடுத்தோம் என்று தமிழ் வினைச்சொல்லின் வாலிலேயே ஆள் இருக்கிறார். "பட்டது" போட்டதும் அவர் காணாமல் போகிறார். பேச்சிலும் "கட்டியாச்சு" என்போம், அதிலும் ஆள் இல்லை. ஆனால் பேச்சில் "யாரு கட்டினா?" என்று உடனே கேட்டுக்கொள்ளலாம். நோட்டிடம் கேட்க முடியாது. அதனால் இப்படி எழுதுங்கள்: "வசூலான ரூ.8,000ஐ (ரூபாய் எட்டாயிரம்) ஊக்குநரிடம் கொடுத்தோம். அவர் 12ஆம் தேதிக்குள் குழுவின் சேமிப்புக் கணக்கில் கட்டி, சலானைப் பிரதிநிதியிடம் காட்டுவார்." நீளம்தான், இருக்கட்டும்.

வட்டியையும் அப்படியே பாருங்கள். "ரெண்டு வட்டி" என்றால் நமக்கு நூற்றுக்கு மாசம் 2 ரூபாய். வெளியாள் படித்தால் ஆண்டுக்கு 2 சதவீதமோ என்று நினைப்பார். 10,000 ரூபாய் கடனுக்கு, அசல் குறையாமல் இருந்தால், முதல் கணக்கில் வருஷத்துக்கு 2,400 ரூபாய், மற்றதில் 200 ரூபாய். "மாதம்" என்று ஒரு சொல் போதும். "வட்டியுடன் ரூ.5,000 கட்ட வேண்டும்" என்பதும் வம்புதான். வட்டி அதற்குள் அடக்கமா, அதற்கு மேலா? "வட்டி உட்பட" என்றோ, "அசல் ரூ.5,000, அதற்கு மேல் வட்டி" என்றோ எழுதிவிடுங்கள்.

ஒற்றுப் பிழை பற்றிக் கேட்பீர்கள். "வேலை கொடுத்தார்" என்றால் பிழைப்பு கொடுத்தார். "வேலைக் கொடுத்தார்" என்றால் முருகன் கையில் இருக்கிற வேலைக் கொடுத்தார்! இப்படிப் பொருள் மாறுகிற இடத்தில் கவனம் வேண்டும். மற்றபடி ஒரு க், ச் விட்டுப்போவதை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. தமிழாசிரியர்கள் கோபிக்கலாம்.

1992ல் நபார்டு வங்கி, சுய உதவிக் குழுக்களை வங்கிகளோடு இணைக்கும் திட்டத்தைத் தொடங்கியது. நகை, நிலம் எதையும் ஈடு வைக்காத நமக்குக் கடன் தருமுன் வங்கி பார்ப்பது நம்ம சேமிப்பையும் உள்கடனையும் நோட்டுகளையும்தான். மேனேஜர்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள். நம்மை முகம் தெரியாதவர்தான் அந்த வரிகளைப் படிக்கப்போகிறார்.

எழுதி முடித்ததும், கையெழுத்துக்கு முன்னால் சத்தமாகப் படியுங்கள். படிக்கத் தெரியாத ஒரு அக்கா "யாரு? எப்போ?" என்று கேட்டால், அந்த வரியை அங்கேயே திருத்துங்கள். வெள்ளை மை தடவ வேண்டாம். ஒரு கோடு போட்டு அடித்து, பக்கத்தில் நிர்வாகிகள் கையெழுத்துப் போட்டால் போதும்.

நோட்டு கொண்டுவந்திருப்பவர்கள் சாப்பாட்டுக்குப் பிறகு மேடைப் பக்கம் வாருங்கள். கடைசிக் கூட்டத்துத் தீர்மானத்தைச் சேர்ந்தே படித்துப் பார்ப்போம்.