விதியா, நுரையீரலில் நீரா?

(தென்காசிப் பொதுக்கூட்டத்தில் பேசியது)



குற்றாலத்துச் சாரல் வீசும் இடத்தில் ஆஸ்பத்திரிப் பேச்சா என்று முகஞ் சுளிக்க வேண்டாம். இருதயம் பலவீனப்பட்டு ஆஸ்பத்திரியில் கிடப்பவர்கள் இராத்திரியில் திடீரென்று இறந்து போனால், "விதி முடிந்தது" என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். அதைப்பற்றியே பேச வந்தோம்.

செங்கோட்டைக்கு மேற்கே மலையைத் தாண்டிப் போனால் திருவனந்தபுரம். அங்கு 2013-ல் 18 ஆஸ்பத்திரிகளில் இந்நோயால் சேர்ந்த 1205 பேரைக் கணக்கெடுத்தார்கள். நூற்றுக்கு எட்டுப் பேருக்கு மேல் ஆஸ்பத்திரியிலேயே இறந்தார்கள். ஆகவே, கட்டில் கிடைத்துவிட்டதாலேயே ஆபத்து நீங்கிவிடவில்லை.

இந்நோயில் இருதயம் நின்று போவதில்லை. பம்பு தளர்கிறது, அவ்வளவே. தளர்ந்தால் இரத்தம் பின்னால் தேங்கி, நுரையீரலில் காற்றிருக்க வேண்டிய இடத்தில் நீர் கசிகிறது. அதனாலேயே படுத்தால் திணறலும், உட்கார்ந்தால் சற்றுத் தணிவும் உண்டாகின்றன. நடுநிசியில் தகப்பனார் எழுந்து உட்கார்ந்து, "சன்னலைத் திற" என்கிறார். நம்மவர்கள் அவரைப் பிடித்துப் படுக்க வைத்து, திருநீறு பூசித் தீர்த்தம் வார்க்கிறார்கள்! டாக்டர் தண்ணீரை அளந்து கொடுக்கச் சொல்லியிருக்க, சாமி தண்ணீருக்கு மட்டும் அளவில்லையாம். நுரையீரலுக்கு எந்தத் தண்ணீர் எந்தக் கோவிலுடையது என்று தெரியுமா?

அவரை உட்கார்ந்தபடியே விட்டு நர்ஸைக் கூப்பிடுங்கள். இளஞ்சிவப்பு நுரை கண்டால் ஒரு நிமிஷமும் தாமதிக்கலாகாது. பிராணவாயுவும், நீரை மூத்திரமாக இறக்கும் ஊசியும் அங்கேயே இருக்கின்றன.

இதைவிடப் பொல்லாதது சத்தமில்லாமல் வரும் ஆபத்து. கைகால் சில்லிட்டு வேர்த்து, மூத்திரம் குறைந்து, ஆள் கிறங்கிக் கிடப்பார். "நன்றாகத் தூங்குகிறார்" என்று வீட்டார் மகிழ்வார்கள். உளறினாலோ "காத்துக் கருப்பு" என்பார்கள். உண்மையில் உடம்புக்கு இரத்தம் போதவில்லை. நெஞ்சுவலி, படபடப்பு, திடீர் மயக்கம் கண்டாலும் உடனே சொல்ல வேண்டும்.

நாம் மூலிகையைப் பழிப்பவர்களல்ல. இங்கிலாந்தில் வித்தரிங் என்ற டாக்டர், நாட்டு வைத்தியத்திலிருந்த ஒரு செடியை நோயாளிகளிடம் சோதித்து, பலிக்காதவற்றையும் மறைக்காமல் 1785-ல் அச்சிட்டார். குற்றாலத்து அருவியைச் சர்வரோக நிவாரணி என்பவர்கள் அப்படி ஒரு கணக்குக் காட்டட்டுமே! குளிர்ந்த நீர் இரத்தக் குழாய்களைச் சுருக்கி, தளர்ந்த பம்புக்குப் பாரத்தை ஏற்றும். வீடு திரும்பியவரை டாக்டரைக் கேளாமல் அருவியில் நிறுத்தாதீர்கள்.

"பெரியவர்களை எழுப்பினால் கோபிப்பார்களே" என்று வார்டிலே கைகட்டி நிற்பது, காலங்காலமாக நமக்குப் பழக்கிய அடிமைப் புத்தி. எழுப்புங்கள். எப்பொழுதிலிருந்து திணறுகிறார், படுக்க முடிகிறதா, மூத்திரம் எவ்வளவு போயிற்று என்பதைச் சொல்லுங்கள். வரும்வரை கட்டிலை விட்டு நகராதீர்கள்.