சேவை என்பார்கள், சம்பளத்தைக் கேளுங்கள்

(செவிலிய மாணவர்களுக்கான பயிற்சி வகுப்பு ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



மே 12 வந்தால் நம் கல்லூரிகளில் விளக்கேற்றி உறுதிமொழி எடுக்கிறோம். நைட்டிங்கேல் பிறந்த நாள். நல்லது. மார்ச் 10-ஐயும் குறித்து வையுங்கள். 1897-இல் புனேயில் பிளேக் பரவியபோது, மருத்துவரான மகன் யஷ்வந்த்துடன் சேர்ந்து நோயாளிகளைப் பார்த்த சாவித்திரிபாய் பூலே, ஒரு தலித் சிறுவனைத் தூக்கி வந்து, அதே நோய் தொற்றி இறந்த நாள் அது.

ஏன் சொல்கிறேன் என்றால், இந்த நாட்டில் அடுத்தவர் உடலைத் தொடும் வேலை சாதியால் பங்கு பிரிக்கப்பட்ட வேலை. ஊருக்கே பிரசவம் பார்த்த நம் பாட்டிகளின் திறமைக்கு ஊர் கொடுத்தது படி நெல்லும் தீட்டு என்ற பெயரும்தான். இன்று தீட்டு என்பதற்குப் பதிலாக சேவை, தியாகம், தேவதை என்கிறார்கள். படி நெல் மட்டும் மாறவில்லை. 2015-இல் அரசுத் தேர்வு எழுதி ஒப்பந்தத்தில் சேர்ந்த செவிலியர்களுக்கே மாதம் 7,700 ரூபாய்தான். 2017 நவம்பரில் அவர்கள் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் திரண்டு உட்கார்ந்தபோதுதான் அது வெளியே தெரிந்தது. ஆகவே நான் சொல்வது ஒன்றுதான்: நாம் கற்பது தொழில்நுட்பம். அதற்கு உரிய விலை உண்டு.

அந்த விலையைக் கேட்க முதலில் படிப்பு கையில் இருக்க வேண்டும். தமிழ்வழியில் படித்து வந்தவர்கள் முதலாம் ஆண்டில் உடற்கூறியலைப் பார்த்து மிரளுகிறார்கள். உங்களைத் தடுப்பது பாடம் அல்ல, சொற்கள். 'நெஃப்ரோ' என்றால் சிறுநீரகம், 'ஹெப்படோ' என்றால் கல்லீரல், 'ஐடிஸ்' என்று முடிந்தால் அழற்சி. இப்படி ஐம்பது வேர்ச்சொற்களைத் தமிழில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள், பாதிப் புத்தகம் திறந்துவிடும். கணக்கை விடாதீர்கள். 500 மில்லி டிரிப் 4 மணி நேரத்தில் ஏற வேண்டும், ஒரு மில்லிக்கு 20 சொட்டு என்றால், நிமிடத்திற்கு சுமார் 42 சொட்டு. மருத்துவர் எழுதியதை அப்படியே போடுபவர் உதவியாள். எழுதியது ஏன், அளவு சரியா என்று பார்ப்பவரே செவிலியர்.

அடுத்தது, காகிதம். சேரும் கல்லூரிக்கு இந்திய நர்சிங் கவுன்சில் அங்கீகாரம் உண்டா என்று பாருங்கள். ஓராண்டுச் சான்றிதழைக் காட்டி 'நர்சிங்' என்று ஏமாற்றும் இடங்களுக்கு உங்கள் ஊர்த் தங்கைகளை அனுப்பாதீர்கள். அதை வைத்து செவிலியராகப் பதிவு செய்ய முடியாது. தனியார் கல்லூரியில் சேரும் பட்டியலின, பழங்குடி மாணவர்களுக்கு 2012-இன் அரசாணை 92 இருக்கிறது. கட்டணத்திற்கு வட்டிக்கு வாங்கும் முன் அதைக் கேளுங்கள். வேலைக்குச் சேரும்போது அசல் சான்றிதழை எவரிடமும் விட்டு வைக்காதீர்கள்.

எந்த வழியில் போவது? மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் வழி அரசுப் பணியில் 69 விழுக்காடு இடஒதுக்கீடு உண்டு. எய்ம்ஸுக்கு நார்செட் தேர்வு. பாடம் நடத்தப் பிடித்தால் எம்.எஸ்சி. படியுங்கள். பேராசிரியர் நாற்காலிகளிலும் நம் பிள்ளைகள் உட்கார வேண்டும். வெளிநாடு என்றால் பிரிட்டனுக்கு ஆங்கிலத் தேர்வு, ஜெர்மனிக்கு ஜெர்மன் மொழி. பதிவு பெற்ற முகவர் வாங்கக்கூடிய கட்டணமே 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும்தான். லட்சங்களில் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். தமிழக அரசின் அயல்நாட்டு மனிதவள நிறுவனத்தையும் விசாரியுங்கள். தனியார் மருத்துவமனை என்றால், உச்ச நீதிமன்றம் சொல்லி அமைந்த குழு 2016-இல் பரிந்துரைத்ததை நினைவில் வையுங்கள்: 50 படுக்கைக்கும் குறைவான இடத்தில்கூட 20,000 ரூபாய்க்குக் குறையக்கூடாது, 200 படுக்கைக்கு மேல் என்றால் அரசுச் சம்பளம்.

இன்னொன்று. ஊர் எது, எந்தத் தெரு என்று விசாரித்துவிட்டு ஊசிக்குக் கை நீட்டும் நோயாளிகளை நான் வார்டில் பார்த்திருக்கிறேன். "நான் இந்த வார்டு ஸ்டாஃப் நர்ஸ்" என்பதுதான் என் பதில். அதே வார்டில் ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர் அக்காவைப் பெயர் சொல்லாமல் "ஏய்" என்று கூப்பிடும் செவிலியரையும் பார்த்திருக்கிறேன். அண்ணல் சொன்ன படிநிலை இதுதான்: மேலே இருப்பவன் மிதிப்பதால் வலிக்கிறது, கீழே ஒருவர் இருப்பதால் பொறுத்துக்கொள்கிறோம். எந்த வேலைக்குப் போனாலும் அந்த அக்காவைப் பெயர் சொல்லி அழையுங்கள். சங்கத்தில் சேருங்கள். அவர் கூலிக்கும் சேர்த்துப் பேசுங்கள்.

ஜெய் பீம்.