மனக்கஷ்டத்தையும் குழுவில் சொல்வோம்

(அஸ்தம்பட்டியில் நடந்த கூட்டமைப்புக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் பேசியது)



இன்னைக்கு சேமிப்பு, வங்கிக் கடன் பத்திப் பேசப் போறதில்லை. நம் தீர்மானப் புத்தகத்தில் நாம் எழுதாமல் விட்ட ஒரு விஷயத்தைப் பேசுவோம்.

நம் குழு ஒன்றில் ஒரு அக்கா தொடர்ந்து நாலு வாரம் கூட்டத்துக்கு வரவில்லை. நாம் என்ன செய்தோம்? 'வரவில்லை' என்று எழுதி அபராதம் போட்டோம். பிறகு வீட்டுக்குப் போனபோதுதான் விவரம் தெரிந்தது. கட்டிக்கொடுத்த மகள் கைக்குழந்தையோடு திரும்பி வந்துவிட்டாள். ஊர் என்ன பேசுமோ என்று இவர் வெளியே வரவில்லை. சாப்பாடு இல்லை, தூக்கம் இல்லை.

"தவணைப் பணத்தைப் பையன்கிட்ட கொடுத்து விட்டேனுங்க. பணம் வந்துச்சான்னு பாத்தீங்க. நான் வரலையேன்னு யாரும் பாக்கலையே" என்றார். நமக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை.

1989-ல் பக்கத்துத் தர்மபுரி மாவட்டத்தில்தான் அரசின் மகளிர் திட்டக் குழுக்கள் தொடங்கின. பிறகு சேலத்துக்கும் வந்தன. குழுவில் சேர்ந்த புதிதில், பத்துப் பேர் முன்னால் கடன் கேட்கவே கூச்சப்பட்டோம். வட்டிக்காரர் வாசலில் நின்றாலும் நிற்போம், பக்கத்து வீட்டுக்குத் தெரியக்கூடாது என்று நினைத்தோம். அந்தக் கூச்சம் போய்விட்டது. மனக்கஷ்டத்தைச் சொல்லும் கூச்சம் மட்டும் ஏன் இன்னும் இருக்கணும்?

"நாங்க என்ன டாக்டரா?" என்று கேட்பீர்கள். 2004 சுனாமியில் சென்னைக் கடலோரக் குப்பங்களில் பலர் தங்கள் சொந்தங்களைப் பறிகொடுத்தார்கள். டாக்டர் லட்சுமி விஜயகுமார் 1986-ல் தொடங்கிய 'சிநேகா' அமைப்பு, அங்கே பயிற்சி பெற்ற தொண்டர்களை வீடு வீடாக அனுப்பியது. அவர்கள் மருத்துவர்கள் இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து காது கொடுத்துக் கேட்டார்கள். அப்படி ஆள் போய்ப் பார்த்தவர்களுக்கு, மற்றவர்களைவிட மனச்சோர்வு குறைவாக இருந்ததாக ஆய்வில் தெரிந்தது.

நாம் செய்ய வேண்டியவை:

* ஒருவர் இரண்டு கூட்டம் வரவில்லை என்றால், அபராதம் எழுதுவதற்கு முன் வீட்டுக்குப் போய்ப் பார்ப்போம்.
* சொல்வதை முழுசாகக் கேட்போம். "எல்லாம் உன் தலையெழுத்து", "நான் படாத பாடா?" என்று சொல்ல வேண்டாம்.
* கேட்டது குழுவைத் தாண்டக்கூடாது. தண்ணிக் குழாயடிக்குப் போச்சுன்னா, அடுத்த தடவை யாரும் வாய் திறக்க மாட்டாங்க.
* "இனிமே இருந்து என்ன பண்றது" என்று யாராவது சொன்னால் சாதாரணமாக விடக்கூடாது. தனியாக விடாமல் கூடவே இருந்து, உடனே உதவிக்கு ஏற்பாடு செய்ய வேண்டும்.

பல நாள் தூக்கமில்லை, வேலை ஓடவில்லை என்றால் சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கூட்டிப் போகலாம். அங்கே மனநலப் பிரிவு இருக்கிறது. போனில் பேச 14416 என்ற எண்ணை எந்த நேரமும் அழைக்கலாம். கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம். வீட்டில் அடி உதை என்றால் 181.

காய்ச்சலுக்கு மருந்து கேட்க நாம் வெட்கப்படுவதில்லை. மனசுக்கும் அப்படித்தான்.

அந்த அக்கா இப்போது கூட்டத்துக்கு வருகிறார். மகளும் கூட வருகிறாள். பிரச்சினை இன்னும் தீரவில்லை. ஆனால் தனியாகச் சுமக்கவில்லை.

அடுத்த கூட்டத்தில் கணக்கு முடித்ததும் பத்து நிமிடம் ஒதுக்குவோம். ஒருவரையொருவர் கேட்போம்: "நீ எப்படி இருக்கற கண்ணு?"