வாசகர் வட்டத்திற்கு ஏற்ற முத்தொகுதி



பள்ளியிலோ கல்லூரியிலோ பத்துப் பன்னிருவர் ஒன்றுகூடி, மாதம் ஒரு நூலைப் படித்து, அதைப் பற்றிக் கலந்து பேசுவது நல்ல வழக்கம். அத்தகைய வட்டங்களில் என்றேனும் ஒரு நாள் ஓர் ஆசை எழும். தனி நூல்களைப் படித்தது போதும், மூன்று நூல்களாக விரிந்த பெருங்கதை ஒன்றை எடுத்துக்கொள்வோம் என்பார்கள். பெரும்பாலும் அது விஞ்ஞானப் புனைகதையாகவோ மாயப் புனைகதையாகவோ இருக்கும். ஆங்கிலத்தில் ‘ட்ரிலஜி’ என்று வழங்கும் இந்நூல்வரிசையை நாம் முத்தொகுதி என்று சொல்லிக்கொள்வோம். எந்த முத்தொகுதியை எடுப்பது என்பதே இன்றைய பேச்சின் பொருள். இவற்றை ஆங்கிலத்தில் படிக்கக்கூடிய வட்டங்களை மனத்திற்கொண்டு பேசுகிறேன்.

இது அற்பமான கேள்வி அன்று. தனி நூல் ஒன்று பிடிக்காமற் போனால் ஒரு மாதம் வீணாகும்; அவ்வளவே. முத்தொகுதி பொருந்தாமற் போனாலோ வட்டமே கலைந்துவிடும். ஆசிரியப் பணியில் நான் பன்முறை கண்டது இது. முதல் நூலுக்கு எல்லோரும் வருவர். இரண்டாம் நூலின்போது தேர்வு குறுக்கிடும். ஒருவன் காய்ச்சலில் படுப்பான். ஒருத்தியின் வீட்டில் திருமணம் நடக்கும். இவ்வாறு பின்தங்கியவர்கள் அடுத்த கூட்டத்திற்கு வந்து வாய் திறவாமல் அமர்ந்திருப்பர். அதற்கடுத்த கூட்டத்திற்கு வரமாட்டார்கள். மூன்றாம் நூலை எட்டும்போது, விரைந்து படிக்கும் நால்வர் மட்டுமே எஞ்சியிருப்பர். அந்த நால்வர் வட்டம் இல்லாவிடினும் படிப்பவர்கள். வட்டம் தேவைப்படுவது மற்றவர்களுக்கே. ஆதலின் மெல்லப் படிப்பவரை முன்னிட்டே முத்தொகுதியைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று கருதுகிறேன். ஆசிரியரின் புகழையும் முதல் நூலின் கவர்ச்சியையும் விட, நடுவில் உள்ள நூலின் அமைப்பையே நான் பெரிதாக மதிக்கிறேன்.

கதையை மூன்றாக்கும் வழக்கம் எப்போதும் கதையின் தேவையால் எழுந்ததன்று. பண்டைய ஏதென்ஸ் நகரத்து நாடகப் போட்டியில் ஒரு கவிஞர் மூன்று துன்பியல் நாடகங்களை ஒருசேர அரங்கேற்றுவார். அவற்றுள் முழுமையாக நமக்குக் கிடைத்திருப்பது கி.மு. 458-இல் நடிக்கப்பட்ட எஸ்கிலஸின் ‘ஒரெஸ்டியா’ ஒன்றே. அங்கே மூன்று என்பது போட்டியின் விதி. பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்திலோ அது வாணிகத்தின் விதி. ஒரு நாவல் மூன்று தொகுதிகளாக 31 ஷில்லிங் 6 பென்ஸுக்கு விற்றது. எளியவர் வாங்க முடியாத விலை அது. 1842-இல் மூடி என்பவர் நிறுவிய வாடகை நூல்நிலையத்தில், ஆண்டுக்கு ஒரு கினி செலுத்தினால் ஒரு சமயத்தில் ஒரு தொகுதியை எடுத்துச் செல்லலாம். ஒரே நாவலை மூன்று வீடுகளில் ஒரே வேளையில் படிப்பார்கள், நூல்நிலையத்துக்கும் ஆதாயம். அம்முறை 1890-களில் மறைந்தது. எனினும், நூற்பிரதிகள் குறைவாக உள்ள வட்டத்தினர் அந்த மூடியின் உபாயத்தை நினைவிற் கொள்ளலாம்.

இவ்வகை நூல்களுள் யாவரும் முதலிற் சொல்லும் பெயர் ‘லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’. ஆக்ஸ்ஃபோர்டுப் பேராசிரியர் டோல்கீன் எழுதிய இது, 1954-க்கும் 1955-க்கும் இடையில் மூன்று தொகுதிகளாக வெளிவந்தது. அவர் அதை முத்தொகுதியாக எழுதவே இல்லை. ஆறு பகுதிகள் கொண்ட ஒரே நூல் என்றே கடைசிவரை வற்புறுத்தினார். உலகப் போருக்குப் பின் காகிதம் அருமையாக இருந்த காலம்; அத்துணைப் பெரிய நூலை ஒரே தொகுதியாக அச்சிட்டு நட்டப்பட்டால் என் செய்வது என்று அஞ்சிய பதிப்பகத்தார் அதை மூன்றாக்கினர். ஆசிரியருக்கு வழக்கமான உரிமைத்தொகை தராமல், செலவு போக மிஞ்சும் ஆதாயத்தில் பாதி என்று ஒப்பந்தம் செய்துகொண்டனர். அந்த ஒப்பந்தமே பிற்காலத்தில் அவருக்குப் பெருஞ்செல்வத்தை அளித்தது என்பது வேறு கதை.

வாக்கெடுத்தால் இந்நூல்தான் வெல்லும். 2001 முதல் 2003 வரை வெளிவந்த திரைப்படங்களால் கதை பலருக்கும் அறிமுகம். இதன் பெருமையை நான் சிறிதும் குறைத்துச் சொல்லவில்லை. இத்துறையில் இதனினும் மேலான நூல் தோன்றியதாக நான் எண்ணவில்லை. ஆயினும் வட்டத்துக்கு இது பொருந்தாது. இரண்டாம் தொகுதி, பிரிந்துபோன தோழனைத் தேடும் காட்சியோடு, நடுவழியில் தொடங்குகிறது. முற்பாதியில் ஒரு கூட்டத்தாரின் கதையும், பிற்பாதியில் இருவரின் கதையும் தனித்தனியே செல்கின்றன. கதைத்தலைவன் பகைவர் கையிற் சிக்கும் இடத்தில் தொகுதி முடிந்துவிடுகிறது. முதற்றொகுதியைத் தவறவிட்டவனுக்கு இதில் ஒன்றும் விளங்காது. முழுவதும் படித்தவனுக்கும் அந்த மாதக் கூட்டத்தில் சொல்வதற்கு முடிவான கருத்து ஒன்றும் இராது. கோடை விடுமுறையில் ஒருவராகவே அமர்ந்து படிக்க வேண்டிய நூல் இது.

ஆகவே வாக்கெடுப்பு வேண்டாம் என்கிறேன். நூல்களைப் பரிசீலிக்க எளிய முறை ஒன்று உண்டு. போட்டிக்கு வந்துள்ள ஒவ்வொரு முத்தொகுதியிலும் இரண்டாம் நூலை எடுங்கள். அதன் தொடக்கத்தில் ஐந்தாறு பக்கங்களை நன்றாகப் படிக்கவல்ல ஒருவர் வாய்விட்டுப் படிக்கட்டும். மற்றவர்கள் முதல் நூலை அறியாதவர்களாகவே கேட்கட்டும். கேட்டவர்களுக்கு அடுத்த பக்கத்தை அறியும் ஆவல் பிறந்தால் அந்நூல் வட்டத்துக்கு உரியது.

இச்சோதனையில் ஓரளவு தேறுவது ஐசக் அசிமோவின் ‘ஃபவுண்டேஷன்’. அது பிறந்த விதம் சுவையானது. 1941 ஆகஸ்டு முதல் நாள், இருபத்தொரு வயது இளைஞரான அசிமோவ், பத்திரிகை ஆசிரியர் ஜான் கேம்ப்பெலைக் காணச் சுரங்க ரயிலிற் சென்றுகொண்டிருந்தார். சொல்வதற்குப் புதிய கதை ஒன்றும் மனத்தில் இல்லை. கையிலிருந்த இசைநாடகத் தொகுப்பை ஏதோ ஒரு பக்கத்தில் பிரித்தார். காவல் வீரன் ஒருவனின் காலடியில் தேவதைகளின் அரசி விழுந்து கிடக்கும் படம் தென்பட்டது. வீரனிலிருந்து படைக்கும், படையிலிருந்து பேரரசுக்கும் எண்ணம் தாவியது. ரோமப் பேரரசின் வீழ்ச்சியைப் பற்றிக் கிப்பன் எழுதிய வரலாற்றை முன்னரே படித்திருந்தவர் அவர். விண்மீன் கூட்டம் முழுவதையும் ஆளும் ஒரு பேரரசு வீழ்ந்தால் என்ன ஆகும் என்று கேட்டுக்கொண்டார். 1942 முதல் 1950 வரை பத்திரிகையில் வந்த கதைகள், தொடக்கத்தில் புதிதாக எழுதிய ஒரு பகுதியுடன், 1951, 1952, 1953 ஆகிய ஆண்டுகளில் மூன்று நூல்களாயின.

அசிமோவ் ரசாயனம் பயின்றவர். ஒரு வாயுவில் தனித்தனி மூலக்கூறு எத்திசையிற் செல்லும் என்று எவரும் கூற இயலாது. ஆனால் அவ்வாயு முழுவதன் அழுத்தத்தைக் கணக்கிட்டுவிடலாம். அதுபோலவே தனி மனிதனின் செயலை முன்னறிய முடியாவிடினும், கோடானுகோடி மக்களின் போக்கைக் கணக்கிடலாம் என்பது இக்கதையில் வரும் அறிஞர் ஹாரி செல்டனின் கொள்கை. பேரரசு வீழ்ந்தபின் வரக்கூடிய முப்பதாயிரம் ஆண்டு இருளை ஓராயிரம் ஆண்டாகச் சுருக்க அவர் திட்டம் வகுக்கிறார். அப்படியானால் தனி ஒருவனின் முயற்சிக்கு மதிப்பு உண்டா? முதல் நூல் எழுப்பும் இக்கேள்விக்கு, இரண்டாம் நூல் கணக்கில் அடங்காத ஒருவனைக் கொண்டுவந்து நிறுத்தி விடையை மாற்றுகிறது. விஞ்ஞானம் பயிலும் கல்லூரி மாணவர் ஒரு மாலைப் பொழுது முழுவதும் வாதிட இஃதொன்றே போதும். மேலும், கதை சிறுசிறு பகுதிகளால் ஆனது, இரண்டாம் நூல் முன்கதைச் சுருக்கத்தோடு தொடங்குகிறது, பின்தங்கியவரும் சேர்ந்துகொள்ளலாம். குறைகளும் உள. மனிதர்கள் பெரும்பாலும் அறைகளில் அமர்ந்து பேசிக்கொண்டே இருக்கிறார்கள். முதல் நூலில் பெண்களைக் காண்பதே அரிது. இரண்டாம் நூலில் பெய்ட்டாவும், மூன்றாவதில் பதினான்கு வயதுச் சிறுமி ஆர்க்கடியும் வந்து அக்குறையை ஓரளவு தீர்க்கிறார்கள்.

சீன எழுத்தாளர் லியூ சிக்சினின் முத்தொகுதி, பௌதிகம் பயில்வோர்க்கு நல்விருந்து. அதன் முதல் நூல் ஆங்கிலத்தில் 2014-இல் வந்து, அடுத்த ஆண்டு ஹியூகோ பரிசு பெற்றது. இரண்டாம் நூல், கல்லறை ஒன்றின்மீது ஊரும் எறும்பைக் காட்டித் தொடங்குகிறது; எனது சோதனையில் அது நன்றாகவே தேறும். ஆனால் மூன்று நூல்களும் பருமனானவை. பள்ளிப் பிள்ளைகளுக்குப் பளு மிகுதி. ஜெமிசினின் ‘ப்ரோக்கன் எர்த்’ 2016, 2017, 2018 என மூன்று ஆண்டுகளும் தொடர்ந்து ஹியூகோ பரிசைப் பெற்றது. வேறெந்த முத்தொகுதியும் அதற்கு முன் அவ்வாறு பெற்றதில்லை. குழந்தை தந்தையாலேயே கொல்லப்பட்ட துயரத்திலிருந்து கிளம்பும் கதை ஆதலால், அதைக் கல்லூரியின் மேல்வகுப்பினருக்கே பரிந்துரைப்பேன். எதை எடுத்தாலும், முடிந்துவிட்ட கதையாக எடுங்கள். மூன்று நூல்களாகத் திட்டமிட்டு 1996-இல் ஜார்ஜ் மார்ட்டின் தொடங்கிய கதை, 2011-இல் ஐந்தாம் நூல் வந்த பின்பும் முடியவில்லை.

இனி, நான் தேர்ந்தெடுப்பது எது என்று சொல்ல வேண்டும். அமெரிக்க எழுத்தாளர் உர்சுலா லெ குவின் எழுதிய ‘எர்த்ஸீ’ வரிசையின் முதல் மூன்று நூல்களே அவை. அவை 1968, 1971, 1972 ஆகிய ஆண்டுகளில் வெளிவந்தன. லெ குவின், மானிடவியல் அறிஞர் ஆல்ஃப்ரெட் குரோபரின் மகள். கடலும் எண்ணற்ற தீவுகளுமாக அவர் படைத்த உலகில், ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் உண்மைப் பெயர் உண்டு; அப்பெயரை அறிந்தவனுக்கே அதன்மேல் ஆற்றல் உண்டு. முதல் நூலில் கெட் என்னும் ஆட்டிடையச் சிறுவன் மந்திரம் கற்கப் போகிறான். சக மாணவன் ஒருவனிடம் தன் திறமையைக் காட்டும் செருக்கினால் ஒரு கரிய நிழலை உலகில் அவிழ்த்துவிடுகிறான். அந்நிழல் அவனைத் துரத்துகிறது. அதை அவன் எப்படி எதிர்கொண்டான் என்பதை நான் சொல்லமாட்டேன். வகுப்பில் முதல்வனாக வரத் துடிக்கும் எவரும் அப்பகுதியை அமைதியாகக் கடந்துவிட இயலாது என்று மட்டும் சொல்வேன்.

இரண்டாம் நூல் முற்றிலும் வேறிடத்தில், வேறொருவரைக் கொண்டு தொடங்குகிறது. மாலை மங்கும் வேளையில், ஆப்பிள் மரங்களுக்கிடையே ஓடி விளையாடும் ஒரு சிறுமியைத் தாய் வீட்டிற்கு அழைக்கிறாள். அடுத்த மாதமே அக்குழந்தையைக் கோயிலார் கொண்டுபோய்விடுவர் என்பதை எண்ணித் தந்தை அவளிடம் பாசம் வைக்கவும் தயங்குகிறான். அவள் பெயர் டெனார். அவள் பெயரையே பறித்துக்கொண்டு, இருண்ட நிலவறைகளுக்குப் பூசாரிணி ஆக்கிவிடுகிறார்கள். முதல் நூலின் தலைவன் கெட், பாதிக் கதை சென்ற பிறகே இருட்டில் ஓர் அந்நியனாக வந்து சேர்கிறான். முதல் நூலைப் படித்தவர்களுக்கு அவனைத் தெரியும். படிக்காதவர்கள், டெனாரைப் போலவே, அவன் யார் என்று அறியாமல் அஞ்சுவார்கள். கூட்டத்தில் இவ்விரு சாராரும் எதிரெதிரே அமர்ந்து பேசினால், பின்தங்கியவனுக்கும் சொல்வதற்கு ஒன்று கிடைக்கிறது. அவன் கண்டதை மற்றவர்கள் காணவே முடியாது. வேறெந்த முத்தொகுதியிலும் நடுநூல் இவ்வாறு அமைந்திருக்க நான் கண்டதில்லை.

மூன்றாம் நூலில் கெட் முதியவன். ஆரென் என்னும் இளவரசனோடு கடலில் நெடுந்தூரம் செல்கிறான். சாவின் அச்சமே அந்நூலின் பொருள். அதற்கு 1973-இல் அமெரிக்காவின் தேசிய நூற்பரிசு, சிறுவர் நூல் பிரிவில், வழங்கப்பட்டது. ஒவ்வொரு நூலும் இருநூறு பக்க அளவே உடையது. நாளொன்றுக்கு ஏழு பக்கம் படித்தால் மாதத்தில் ஒன்று முடியும். தேர்வுக் காலத்திலும் இயலக்கூடியதே.

கெட்டின் நிறம் செம்பழுப்பு. தீவுவாசிகள் பெரும்பாலோர் கருத்த அல்லது பழுப்பு நிறத்தவர். வெள்ளை நிறத்தவர் கீழ்த்திசைத் தீவினர் மட்டுமே. 1968-இல் அமெரிக்காவில் இது அருஞ்செயல். 2004-இல் தொலைக்காட்சியில் எடுத்தபோது வெள்ளையரைக் கொண்டே பெரும்பாலும் நடிக்கவைத்தார்கள். லெ குவின் அதைக் கண்டித்துக் கட்டுரை எழுதினார்.

இவ்வரிசையிலும் குற்றம் காண இடமுண்டு; அதையும் வட்டம் மறைக்காமல் பேச வேண்டும். மந்திரப் பள்ளியில் ஆண்களே பயில்கிறார்கள். பெண்களின் மந்திரத்தை இழிவாகவே அவ்வுலகத்தார் பேசுகிறார்கள். இரண்டாம் நூலில் டெனாரை அத்துணை உயர்வாகப் படைத்த ஆசிரியர், மூன்றாம் நூலில் அவளைக் கதைக்குள் கொண்டுவரவே இல்லை. இது என்ன நியாயம் என்று மாணவியர் கேட்பார்கள், கேட்க வேண்டும். அக்கேள்வி லெ குவினையும் விடவில்லை. பதினெட்டு ஆண்டுகள் கழித்து, 1990-இல், ‘டெஹானு’ என்னும் நான்காம் நூலை எழுதினார். அதில் டெனார் கணவனை இழந்த நடுவயதுப் பெண். தீயில் எரிந்த ஒரு குழந்தையை வளர்க்கிறாள். ஆற்றலை இழந்து திரும்பும் கெட்டுக்கும் அவளே புகலிடம். எர்த்ஸீயின் கடைசி நூல் என்று அட்டையிலேயே அச்சிட்டு அது வெளிவந்தது. ஆயினும் 2001-இல் மேலும் இரண்டு நூல்கள் வந்துவிட்டன.

‘டெஹானு’ முன்னைய மூன்றையும் கெடுத்துவிட்டது என்று சொல்வோர் உண்டு. அதுவே அவற்றை நிறைவாக்கியது என்போரும் உண்டு. பள்ளி வட்டத்தினர் மூன்றோடு நிறுத்திக்கொள்ளலாம். நான்காம் நூலில் வரும் கொடுமைகள் சிறுவர்க்கு ஏற்றவை அல்ல. கல்லூரி வட்டத்தினர் அதைச் சேர்ப்பதா வேண்டாமா என்பதை இப்போது முடிவு செய்ய வேண்டியதில்லை. மூன்றாம் நூலின் கூட்டம் நடக்கும் நாளன்று முடிவு செய்யுங்கள். அன்று மாணவியரை முதலிற் பேச விடுங்கள்.